இன்ஜின் ஆட்டமும் அதிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி உதறுகிறது என்று சொன்னதும் "மவுண்ட் போயிருக்கும், மாத்திடுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மவுண்ட் என்றால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர்-இரும்புத் துண்டு. பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். சரியில்லாத நேரங்களில் காசும் போய், உதறலும் அப்படியே நிற்கும். கார் இன்ஜினின் ஆட்டம், அதிர்வு பற்றி வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஆட்டம், அதிர்வு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கிளட்சை விடும்போதோ, ஆக்சிலரேட்டரைத் திடீரென்று அழுத்தும்போதோ, ஆட்டோமேட்டிக் கியரை முன்னே போகும் டி-யிலிருந்து பின்னே போகும் ஆர்-க்கு மாற்றும்போதோ மொத்த இன்ஜினும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறதே, அதுதான் ஆட்டம். மெதுவானது, பானெட்டைத் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். அதிர்வு என்பது வேகமான சின்ன நடுக்கம். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கும், சீட்டில் உட்கார்ந்திருக்கும் முதுகுக்கும்தான் தெரியும்.

இதை முதலிலேயே பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆட்டத்தைக் குறைக்க இன்ஜினை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதிர்வைக் குறைக்க அதைத் தளர்வாக விட வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது கெடும். கெட்டுப்போன மவுண்டை எடுத்துவிட்டு நல்லதைப் போடும்போது இரண்டும் சேர்ந்து குறையலாம். மற்றபடி, மவுண்டை மட்டும் இறுக்கமானதாக மாற்றி இரண்டையும் குறைத்துத் தருவதாகச் சொல்லும் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

எந்தக் கோளாறும் இல்லாத இன்ஜின் ஏன் அதிர வேண்டும்?

இன்ஜின் சீராகச் சுற்றுவதுபோலத் தெரிந்தாலும், ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது, பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கிறது. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தள்ளு. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் சும்மா ஓடும்போது, 750 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 750 சுற்று) என்றால் நொடிக்கு 12.5 சுற்று, ஆக 25 தள்ளு, அதாவது 25 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டரில் இதே வேகத்தில் 18.75 ஹெர்ட்ஸ்தான். ஆறு சிலிண்டரில் 37.5. எண் குறையக் குறைய உடம்புக்கு நன்றாகத் தெரியும். மவுண்டுக்கு அதைத் தடுப்பதும் கடினம்.

இது போக, பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதால் உண்டாகும் விசைகள் தனி. வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டரில் முதல்நிலை விசைகள், அதாவது இன்ஜின் வேகத்திலேயே வருபவை, ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஆனால் இன்ஜின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் ஒரு மேல்கீழ் விசை மிஞ்சும். இதற்கு மருந்தாக, இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு சமன் ஷாஃப்ட்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் வகுத்துக் கொடுத்துவிட்டார். மிட்சுபிஷி 1970-களில் அதைப் பரவலாக்கியது. போர்ஷே 944-இன் பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு அந்த உரிமத்தை மிட்சுபிஷியிடமிருந்து வாங்கித்தான் போட்டார்கள். வரிசை ஆறு சிலிண்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் வழவழப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சும்மா பேசவில்லை.

என்னுடையது மூன்று சிலிண்டர் வண்டி. சிக்னலில் நிற்கும்போது நடுங்குகிறது. இது கோளாறா?

புதிதாக வாங்கியபோதே இருந்தால் பெரும்பாலும் அதன் இயல்பு. மூன்று சிலிண்டரில் மேல்கீழ் விசைகள் சமனாகிவிடும். ஆனால் இன்ஜினின் ஒரு முனை ஏறும்போது மறுமுனை இறங்கும்படியான ஒரு நடுக்கம் மிஞ்சும். சிலர் இதற்கு ஒரு சமன் ஷாஃப்ட் வைப்பார்கள். ஃபோர்டு தன் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் ஷாஃப்ட் இல்லாமல், ஃப்ளைவீலிலும் (கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுற்றும் கனத்த சக்கரம்) முன்பக்க புல்லியிலும் வேண்டுமென்றே எடையை ஒருபக்கமாக வைத்து அந்த நடுக்கத்தைத் திசைதிருப்பி, மவுண்ட்கள் தாங்கிக்கொள்ளும்படி செய்தது.

நாளாக ஆக நடுக்கம் கூடியிருந்தால் அது வேறு விஷயம். முடிந்தால் அதே மாடலில், ஏறக்குறைய அதே வயது வண்டி ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

மவுண்ட் என்பது என்ன, வண்டியில் எத்தனை இருக்கும்?

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பாடியோடு பிணைக்கும் ரப்பர்-இரும்புத் துண்டுகள்தான் மவுண்ட்கள். இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும் முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் மூன்று: இன்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, கீழே ஒரு டார்க் ராட். மேலே இருக்கும் இரண்டும் எடையைத் தாங்கும். டார்க் ராட் எடையைத் தாங்காது. இன்ஜின் புரளாமல் இழுத்துப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. நீளவாக்கில் இன்ஜின் வைத்த பின்சக்கர வண்டிகளில் இன்ஜினுக்கு இருபக்கமும் ஒவ்வொன்று, கியர்பாக்ஸுக்குக் கீழே ஒன்று.

குறுக்கு இன்ஜின் ஏன் அவ்வளவு ஆடுகிறது என்று பலருக்கு வியப்பு. கணக்குப் போட்டால் புரியும். 150 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.5, டிஃப்ரன்ஷியலில் (சக்கரங்களுக்கு முறுக்கைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) வரும் கடைசி விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கர வண்டியில் டிஃப்ரன்ஷியல் தனியாகப் பின்னால் இருப்பதால், மவுண்ட்கள் தாங்க வேண்டிய முறுக்கு 150 × 3.5 = 525 நியூட்டன் மீட்டர். முன்சக்கர வண்டியில் டிஃப்ரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இன்னொரு 4 மடங்கு, 2100 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜின்தான், மவுண்டுக்கு வரும் வேலை நான்கு மடங்கு. முன்சக்கர வண்டிகளில் டார்க் ராட் சீக்கிரம் தேய்வது இதனால்தான்.

ரப்பர் மவுண்ட், ஹைட்ராலிக் மவுண்ட், ஆக்டிவ் மவுண்ட்: என்ன வித்தியாசம்?

ரப்பர் மவுண்ட் பழையது, எளியது. கிரைஸ்லர் நிறுவனம் 1931-இல் நான்கு சிலிண்டர் பிளிமத் கார்களில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில் இதைப் பெரிய விளம்பரத்தோடு கொண்டுவந்தது. ரப்பரை எங்கேயாவது வைக்காமல், இன்ஜின் தன் புவியீர்ப்பு மையத்தின் வழியாகச் செல்லும் அச்சில் இயல்பாகப் புரளும்படி இடம் பார்த்து வைத்ததில்தான் விஷயம் இருந்தது. சிட்ரோயன் அடுத்த ஆண்டே உரிமம் வாங்கி, தன் சின்னத்தில் ஒரு அன்னத்தையும் சேர்த்துக்கொண்டது.

ஹைட்ராலிக் மவுண்டில் ரப்பருக்குள் இரண்டு அறைகள், நடுவே ஒரு குறுகிய வழி, உள்ளே கிளைக்கால் கலந்த திரவம். இன்ஜின் பெரிதாக ஆடும்போது திரவம் அந்தக் குறுகிய வழியில் போய்வர வேண்டியிருப்பதால் ஆட்டம் சட்டென்று அடங்கும். நடுக்கம் சின்னதாக இருக்கும்போது உள்ளிருக்கும் ஒரு மெல்லிய தட்டு மட்டும் அசைந்து கொடுக்கும். அப்போது மவுண்ட் மென்மையாகவே இருக்கும். ஆட்டத்துக்கு ஒரு முகம், அதிர்வுக்கு ஒரு முகம் என்று இரண்டையும் ஓரளவு சமாளிக்க வந்த ஏற்பாடு இது.

ஆக்டிவ் மவுண்ட் வெற்றிடத்தாலோ மின்சாரத்தாலோ தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும். தேவைப்படாதபோது சில சிலிண்டர்களை நிறுத்திவைத்து எரிபொருள் மிச்சப்படுத்தும் ஹோண்டாவின் வி6 இன்ஜின்கள் போன்றவற்றில் இதைப் பார்க்கலாம். இதில் கோளாறு என்றால் ரப்பரை மட்டும் பார்த்தால் போதாது. வெற்றிடக் குழாய், மின்இணைப்பு, வால்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

அதிர்வு இன்ஜினிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

நின்ற இடத்தில், நியூட்ரலில், ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். ஓடும்போது எந்த ஆர்பிஎம்மில் அதிர்ந்ததோ அதே ஆர்பிஎம்மில் இப்போதும் அதிர்ந்தால் இன்ஜின் பக்கம்தான். நின்றபோது ஒன்றுமில்லை, 80, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் மட்டும் வருகிறது, கியரை மாற்றினாலும் அதே வேகத்தில் வருகிறது என்றால் சக்கர பேலன்ஸ், டயர், வளைந்த ரிம் பக்கம் போங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால் உள்பக்க சி.வி. ஜாயின்டை (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டு) சந்தேகியுங்கள். பிரேக் போட்டால் மட்டும் என்றால் டிஸ்க்.

கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலி இருந்தால் இன்னும் தெளிவாகப் பிரிக்கலாம். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர் என்றால், 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 13 சுற்று. அதே நேரம் 2400 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் நொடிக்கு 40 சுற்று, 80 தள்ளு. வரைபடத்தில் முகடு 13-க்குப் பக்கத்தில் நின்றால் மவுண்டைத் தொடவே வேண்டாம். கைபேசியைக் கையில் பிடிக்காமல் சீட் தண்டவாளத்தின் மீதோ, தரையில் கெட்டியான இடத்திலோ வைத்து அளக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் அளக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் அளக்கட்டும்.

ஐடிலில் மட்டும் உதறுகிறது. மவுண்டை மாற்றிவிடலாமா?

பொறுங்கள். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

உதறல் ஒரே சீராக, 'ர்ர்ர்' என்று இருக்கிறதா, அல்லது இடையிடையே தடுக்கி விழுவதுபோல் 'தட்... தட்' என்று இருக்கிறதா? இரண்டாவது வகை என்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். 750 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 6.25 முறைதான் எரிய வேண்டும். அது எரியாவிட்டால் அந்தக் குலுக்கலும் ஏறக்குறைய 6 ஹெர்ட்ஸில் வரும். மவுண்டால் தடுக்கவே முடியாத எண் அது. உலகத்தின் மிக நல்ல மவுண்டைப் போட்டாலும் அந்த உதறல் பாடிக்கு வந்தே தீரும்.

ஆகவே முதலில் வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். அப்புறம் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, காற்று கசியும் வெற்றிடக் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். காயிலைச் சந்தேகித்தால் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டால் போதும்; கோளாறு எண்ணும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. செலவே இல்லாத சோதனை. ஐடில் வேகம் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்பதையும் ஸ்கேனரில் பார்த்துவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, நியூட்ரலில் அமைதியாகவும் டி-யில் பிரேக் பிடித்து நிற்கும்போது மட்டும் நடுங்குவதாகவும் இருந்தால், இப்போது மவுண்டைப் பற்றிப் பேசலாம். டி-யில் நிற்கும்போது, இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் இன்ஜினைச் சற்று இழுத்துப் பிடிக்கிறது. இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து மவுண்டை அழுத்துகிறது. ரப்பர் தொய்ந்துபோயிருந்தால் இரும்பு இரும்போடு போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எதுவும் வடிகட்டப்படாது.

மவுண்ட் போயிருக்கிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். முதலில் இன்ஜினை அணைத்து, டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். ரப்பரில் ஆழமான வெடிப்பு, ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நிற்பது, நடு போல்ட் மையத்திலிருந்து கீழே இறங்கியிருப்பது, ஹைட்ராலிக் மவுண்டைச் சுற்றிக் கருத்த ஈரக் கறை இவையெல்லாம் கெட்டதற்கான அடையாளம். மேல்தோலில் தெரியும் நுண்ணிய வரிகளை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், பழைய ரப்பர் எல்லாவற்றிலும் அது இருக்கும். ஹைட்ராலிக் மவுண்ட் வெளியே சுத்தமாகத் தெரிந்து உள்ளே கெட்டிருப்பதும் உண்டு.

அடுத்தது ஆட்டச் சோதனை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் நன்றாக அழுத்திக்கொண்டு, ஒருவர் டி-க்கும் ஆர்-க்கும் மாற்ற வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, திறந்த பானெட்டுக்குள் இன்ஜினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. ஃபேன், பெல்ட் பக்கம் கையோ தளர்ந்த துணியோ போகக் கூடாது. ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டியிருந்தால் மிக லேசாக, ஓரிரு நொடிதான். இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து திரும்புவது இயல்பு. தூக்கிப் போட்டதுபோல் எழும்பினாலோ, 'டக்' என்று சத்தத்தோடு ஒரு பக்கம் மோதினாலோ மவுண்ட் அல்லது டார்க் ராட் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஆடினால், எழும்பும் பக்கத்து மவுண்டை முதலில் பாருங்கள்.

டார்க் ராடுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. வண்டியைப் பாதுகாப்பாக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அதன் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோலை வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். தளர்ந்த ரப்பர் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜினை அணைக்கும்போது ஒரே ஒரு குலுக்கல் வருகிறது. ஏன்?

மவுண்ட்களின் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்கு இயல்பாக ஆடும் ஒரு வேகம் இருக்கும். பொதுவாக 10 ஹெர்ட்ஸை ஒட்டி. நான்கு சிலிண்டரில் 10 ஹெர்ட்ஸ் என்றால் 300 ஆர்பிஎம். அணைக்கும்போது இன்ஜின் அந்த 300-ஐக் கடந்துதான் நிற்க வேண்டும். கடக்கும் அந்தக் கணத்தில் குலுக்கும். ஸ்டார்ட் செய்யும்போதும் அதேதான். லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள். வண்டியே அசையும் அளவுக்கு இருந்தால், டீசல் வண்டியாக இருந்தால் இரட்டை எடை ஃப்ளைவீலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மவுண்ட் இறுகினால் அதிர்வு எவ்வளவு கூடும்?

இதை ஒரு சின்னக் கணக்கால் காட்டிவிடலாம். அதிர்வின் வேகம் மவுண்டின் இயல்பு வேகத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டினால்தான் மவுண்ட் அதிர்வைத் தடுக்கவே தொடங்கும். அதற்குக் கீழே மவுண்ட் இருப்பதால் பயனில்லை. சில இடங்களில் இருப்பதே கெடுதல்.

ஐடிலில் 25 ஹெர்ட்ஸ் தள்ளு வருகிறது, மவுண்டின் இயல்பு வேகம் 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தணிப்பை, அதாவது ரப்பர் அதிர்வை விழுங்கி அடக்கும் குணத்தை, கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், விசையில் ஐந்தில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். வருடங்கள் ஓடி ரப்பர் இறுகி, இயல்பு வேகம் 15 ஹெர்ட்ஸ் ஆகிவிட்டது என்றால் பாதிக்கு மேல் போகும். நான்கு மடங்கு விறைப்பான மவுண்டைப் போட்டு இயல்பு வேகத்தை 20 ஆக்கினால்? விசை குறையாது, 1.8 மடங்காகப் பெருகும். தணிப்பு அதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். அதே மவுண்ட் 3000 ஆர்பிஎம்மில், அதாவது 100 ஹெர்ட்ஸில், நன்றாகவே வேலை செய்யும். ஐடிலில் பல்லைக் கிட்டவைக்கும் வண்டி நெடுஞ்சாலையில் சாதுவாக ஓடுவதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் ரப்பரைவிட விறைப்பான பாலியூரிதேன் மவுண்ட் போடவே கூடாதா?

எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறீர்கள், கியர் மாற்றும்போது இன்ஜின் புரள்வதால் கியர் சரியாக விழவில்லை, இன்ஜினின் சக்தியைக் கூட்டியிருக்கிறீர்கள் என்றால் பொருத்தம்தான். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மவுண்ட் ரப்பர் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் பெரும்பாலும் 40 முதல் 70-க்குள் இருக்கும். பாலியூரிதேன் 60-இல் தொடங்கி 95 வரை போகும். ஆசைக்குப் போடுகிறவர்கள் அளவில் கீழே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் மாற்றாமல் கீழ் டார்க் ராடுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தில் கணிசமான பகுதி அதிலேயே அடங்கிவிடும், எடை தாங்கும் மவுண்ட்கள் ரப்பராகவே இருப்பதால் அதிர்வும் அளவோடு நிற்கும். ஆனாலும் ஐடிலில் நடுக்கம் கூடத்தான் செய்யும்.

ரப்பரே இல்லாத முழு உலோக மவுண்ட் சாலை வண்டிக்கானதல்ல. அதிர்வை விடுங்கள், பிராக்கெட் வெடிக்கும், போல்ட் கழன்றுவரும்.

மவுண்டில் இருக்கும் ஓட்டைகளில் கண்ணாடி ஒட்டும் சீலன்ட்டை நிரப்பினால் போதும் என்கிறார்களே?

ஆட்டம் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளிகள் பொருளை மிச்சப்படுத்த விட்டவை அல்ல. சின்ன அசைவில் மென்மையாகவும், பெரிய அசைவில் இடைவெளி மூடிக்கொண்டு விறைப்பாகவும் இருக்கத்தான் அப்படி வார்த்திருக்கிறார்கள். நிரப்பிவிட்டால் அந்த முதல் பாதி போய்விடும். தவிர, கிழிந்த ரப்பரின் மேல் நிரப்பினால் கிழிசல் உள்ளே தொடர்ந்து வளரும், கண்ணுக்கும் தெரியாது.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போடும் டார்க் டேம்பர் பயன்படுமா?

சின்ன ஷாக் அப்சார்பர் போன்ற இது புரள்வதை மெதுவாக்கும். நல்ல மவுண்ட்கள் இருக்கும் சக்திவாய்ந்த வண்டியில் ஓரளவு பயன் தரும். கெட்ட மவுண்டை மறைக்கப் போடுவதில் பயனில்லை.

ஒரு மவுண்ட் போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் ஒன்று விட்ட பாரத்தை மற்றவை சுமந்திருக்கும். வண்டி புதிது, டார்க் ராட் மட்டும் போயிருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். பத்து வருடம் ஓடிய வண்டி, எல்லாமே முதலில் வந்தவை என்றால் சேர்த்து மாற்றுவதுதான் சரி. இன்ஜினைத் தாங்கி நிறுத்தும் வேலை இரண்டு முறை வேண்டாமே.

நானே மாற்றலாமா?

டார்க் ராட் என்றால், ஸ்டாண்டும் டார்க் ரென்ச்சும் கொஞ்சம் அனுபவமும் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் முடியும். அது எடை தாங்காததால் கழற்றினாலும் இன்ஜின் விழாது. மேல் மவுண்ட்கள் அப்படியல்ல. இன்ஜினை மேலிருந்து தாங்கும் கம்பியோ, கீழே ஜாக்கோ கட்டாயம் வேண்டும். இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பில் ஜாக்கை நேராக வைக்காதீர்கள். சம்ப் நசுங்கினால், உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் அடைபட்டு இன்ஜினே போய்விடக்கூடும். அகலமான கெட்டிக் கட்டையை நடுவில் வைத்து, எடையைப் பரப்பி, மெதுவாகத் தூக்க வேண்டும். எடை இறங்கும் அளவுக்கு மட்டும் போதும். அதற்கு மேல் தூக்கினால் குழாய்களும் வயர்களும் இழுபடும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற உயர் மின்அழுத்தக் கேபிள்கள் பக்கத்தில் ஓடும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

புது மவுண்ட் போட்ட பிறகு அதிர்வு கூடிவிட்டதே?

அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பொருத்திய விதம். போல்ட்களை ஒவ்வொன்றாக முழுசாக இறுக்கிக்கொண்டே போனால், இன்ஜின் ஏதோ ஒரு பக்கம் இழுபட்ட நிலையில் மாட்டிக்கொள்ளும். ரப்பர் ஓய்வாக இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கேறி நிற்கும். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் மாட்டி, ஜாக்கை இறக்கி, இன்ஜின் தன் எடையில் தானே உட்காரும்படி விட வேண்டும். இன்ஜினை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, அப்புறம்தான் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். போட்டது சரியான மவுண்டாகவே இருந்தாலும், போல்ட்களைத் தளர்த்தி இப்படி மறுபடி உட்கார வைத்ததில் மட்டும் அதிர்வு போன வண்டிகள் உண்டு. காசு கொடுத்து இன்னொரு மவுண்ட் வாங்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட்கள் உள்ள வண்டியில் புதுசு போட வேண்டும்.

இரண்டாவது, ரப்பரின் தரம். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் கடினம் வேறாக இருக்கும். ஹைட்ராலிக் மவுண்ட் இருந்த இடத்தில் வெறும் ரப்பர் துண்டைப் போடுவதும் நடக்கிறது. பழையதையும் புதியதையும் கையில் தூக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பாக எண்ணையும் சரிபாருங்கள்.

மூன்றாவது, மற்ற மவுண்ட்கள். புதியது இன்ஜினைச் சரியான உயரத்துக்குத் தூக்கியதும், தொய்ந்துபோன பழையது ஒன்று தன் எல்லையில் போய் முட்டிக்கொள்ளும்.

மவுண்ட், பிளக் எல்லாம் சரி. இன்னும் அதிர்வு இருக்கிறது.

சைலன்சர் குழாயைப் பாருங்கள். அதைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் அறுந்தோ, குழாய் பாடியில் எங்கேயாவது உரசியோ இருந்தால், மவுண்ட்கள் தடுத்த அதிர்வு அந்த வழியாக உள்ளே வந்துவிடும். இன்ஜின் பக்கத்து நெளியும் குழாய்த் துண்டு இறுகியிருந்தாலும் அப்படியே. ஏசி குழாய், பேட்டரித் தட்டு, அடிப்பக்க பிளாஸ்டிக் கவர், காற்று வடிகட்டிப் பெட்டி என்று இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே தெரியாமல் பாலம் போடும் பொருட்கள் நிறைய. அண்மையில் யாராவது வேலை பார்த்த வண்டியானால் அவர்கள் கைவைத்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.

கிராங்க் புல்லியின் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும்; அது பிரிந்தால் புல்லி கோணலாகச் சுற்றுவது கண்ணுக்கே தெரியும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பெல்ட் கழன்றால் வழியில் நிற்க வேண்டிவரும். ஏசி போட்டதும் மட்டும் அதிர்ந்தால் கம்ப்ரசரையும் அதன் பிராக்கெட்டையும், ஏசி பாரத்துக்கு ஏற்ப ஐடில் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். கிளட்சை விடும் நேரத்தில் மட்டும் உதறினால் கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம்.

ஓட்டும் விதத்தால் குறைக்க முடியுமா?

ஓரளவு. ஐந்தாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மேட்டில் ஏற்றுவதை விடுங்கள். தள்ளு மெதுவாகவும் பலமாகவும் வரும். மவுண்டுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. ஒரு கியர் இறக்கினால் உதறல் அங்கேயே நின்றுவிடும். ஆர்-க்கும் டி-க்கும் மாற்றும்போது வண்டி முழுசாக நின்ற பிறகு மாற்றுங்கள்.

மவுண்டின் ஆயுளை நீட்டிக்க என்ன செய்யலாம்?

ஆயில் கசிவை உடனே அடைத்துவிடுங்கள். இயற்கை ரப்பர் ஆயில் பட்டால் ஊறி, உப்பி, மெதுமெதுவென்று ஆகிவிடும். வால்வ் கவரிலிருந்து சொட்டும் ஆயில் நேராக மவுண்டின் தலையில் விழும் வண்டிகள் இருக்கின்றன. அங்கே கசிவை விட்டுவிட்டு மவுண்டை மட்டும் மாற்றினால் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். வெப்பமும் வயதும் தடுக்க முடியாதவை. குறைந்த தூரம் ஓடிய பழைய வண்டியிலும் ரப்பர் இறுகியிருக்கும்; ஓடோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கெட்ட மவுண்டோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

சில மாதங்கள் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் இன்ஜின் அளவுக்கு மீறி ஆடும்போது அதோடு இணைந்த எல்லாமே இழுபடும்: ரேடியேட்டர் குழாய், வயர் கட்டு, கியர் கேபிள், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், சைலன்சர் நெளிகுழாய். மவுண்ட் முழுதாக அறுந்து இன்ஜின் ஒரு பக்கம் இறங்கிவிட்டால் வண்டியை ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இல்லைதானே?

எரியும் தள்ளு இல்லாததால் ஐடில் நடுக்கம் இல்லை. மவுண்ட் உண்டு. மோட்டாரின் முழு முறுக்கும் நின்ற இடத்திலிருந்தே வருவதால் புரளும் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். கியரும் மோட்டாரும் எழுப்பும் மெல்லிய கீச்சு ஒலி உள்ளே வராமலும் தடுக்க வேண்டும். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் அந்த ஒலி நன்றாகவே கேட்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் விட்டதும் 'டக்' என்று கேட்டால் அங்கேயும் மவுண்ட் போல்ட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம்.